பெருமாநல்லூரிலிருந்து நொய்யல் வரை

சேலத்திலிருந்து கோயமுத்தூர் செல்லும் பெருஞ்சாலையும், திருப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது பெருமாநல்லூர். பங்குனி மாதத்தில் கொண்டத்துக் காளியம்மன் சந்நிதியில் நடைபெறும் குண்டம் திருவிழாவினால் கொங்கு நாடெங்கும் பிரசித்தி பெற்ற ஊர். 1970-ஆம் வருஷத்தில், மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்துக் குடியானவர்கள் நடத்திய கிளர்ச்சியில் மூவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதும் இவ்வூரில்தான். மின்சாரம் இல்லாவிடில் கிணற்று நீர் மேலே வராது. நீர் வராவிடில் பயிர் இல்லை. ஆகவே தண்ணீரின் அருமையை இவ்வூராருக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

இன்று இந்தப் பக்கத்துக் காடு தோட்டங்களின் நடுவே பின்னலாடைத் தொழிற்சாலைகள் எழுந்து நிற்கின்றன. பக்கத்திலுள்ள ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜியின் பெயரால் ஓர் ஆயத்த ஆடைப் பூங்காவே இருக்கிறது. தெற்கே ஏழெட்டு மைல் சென்றால் திருப்பூர். 1932 ஜனவரியில் கொடியைக் காத்துக் குமரன் உயிர் நீத்த ஊர். கதர் இயக்கம் வேரூன்றி வளர்ந்த ஊர். அன்று அந்நியத் துணி வேண்டாமென்ற அதே ஊர், இன்று அந்நிய தேசத்தாருக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிறது. இதைக் கண்டு பெருமைப்படாதார் யார்?

ஆனால் நகரின் நடுவே ஓடும் நொய்யலைப் பார்த்தால் அந்தப் பெருமை சற்றே அடங்கிவிடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் இந்நதிக்குக் காஞ்சிமாநதி என்று பழம் பெயர். இதைக் கெடுத்தது சாயம் மட்டுமன்று, உப்பும்தான். பருத்தி நூலும் சாயமும் நீரில் ஒன்றையொன்று விலக்கும் சுபாவமுடையவை. அவற்றைச் சேர்த்து வைக்கும் தரகன் உப்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆழ்ந்த நிறத்துக்கான சாயத் தொட்டியிலோ 50 கிராமுக்கு மேலும் போடுவதுண்டு. வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது. அத்தனையும் கழிவு நீரோடு ஆற்றுக்குப் போயிற்று.

ஆற்றோடு கிழக்கே சென்றால், சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை. பதினாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் என்று நம்பி 1992-இல் திறந்தார்கள். சில வருஷங்களுக்குள் அது சாயக் கழிவின் தேக்கமாகிவிட்டது. அணையில் நீர் இல்லையென்று அழும் குடியானவர்களை நாம் அறிவோம்; இந்த நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சிய குடியானவர்கள் இங்கேதான் இருந்தார்கள்! கிணறுகள் உவர்ந்தன; வயல்கள் பாழாயின.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பார்கள். ஆற்றில் உப்பிட்டவர்களை உழவர்கள் மறக்கவில்லை, ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாதென்று 2006-இல் உத்தரவாயிற்று; 2009-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்காமற் போகவே, 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப் பட்டறைகளை அடியோடு மூடும்படி ஹைகோர்ட் கட்டளையிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீட்டு அடுப்புகளும் அணைந்தன.

பிறகுதான் வழி பிறந்தது. சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில், நுண்ணிய சவ்வுகளின் வழியே கழிவு நீரை அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சியதைக் காய்ச்சி உப்பை எடுக்கிறார்கள். நீரும் உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே திரும்புகின்றன. இவ்வாறு நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரை மீட்க முடிகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. பயன்படாத கலப்பு உப்பும் வண்டலும் மூட்டை மூட்டையாய்த் தேங்குகின்றன. காய்ச்சுவதற்கு விறகும் மின்சாரமும் ஏராளமாய்ச் செலவாகின்றன. மழைக் காலத்தில் ஆற்றில் நுரை பொங்கினால், யாரோ கழிவைத் திறந்துவிட்டார்கள் என்ற புகாரும் எழுகிறது.

திருட்டுத்தனமாய்க் கழிவை விடுகிறவனுக்குச் சரக்கை மலிவாக விற்க முடிகிறது. ஒழுங்காகச் சுத்தம் செய்கிறவனுக்கு நஷ்டம். மலிவு ஒன்றையே வாங்குகிறவர்கள் கேட்கும் வரையில் இந்த அநீதி தீராது, அவர்கள் அயல்நாட்டு வியாபாரிகளானாலும் நம் வீட்டுக்காரர்களானாலும் சரியே. ஆற்றைச் சுத்தமாய் வைப்பதற்கான காசும் பனியனின் விலையில் சேர்ந்ததுதான். அதை நாம் கொடுக்காவிட்டால், ஒரத்துப்பாளையத்துக் குடியானவன் தன் நிலத்தையே கொடுத்துத் தீர்க்க வேண்டியிருக்கும்.