பதினேழாம் வரி

2021இல் முதுகலை விலங்கியலுக்காக, குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியின் பூச்சி பற்றி நான் கொடுத்த ஆய்வேட்டின் கடைசியில் 46 கட்டுரைகளின் பெயர்கள் இருக்கின்றன. முழுதாகப் படித்தது நான்கு. பத்துப் பன்னிரண்டின் சுருக்கத்தை மட்டும் பார்த்தேன். மீதியை, ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா தளத்தில் கிடைத்த வேறொருவரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். வாய்மொழித் தேர்வில்கூட யாரும் கேட்கவில்லை.

வசதி இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. கல்லூரி நூலகர் அம்மா என்-லிஸ்ட் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்திருந்தார். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் தரும் அந்தச் சேவையை நடத்துவது காந்திநகர் இன்ஃபிளிப்நெட். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைத் திறக்கலாம். நான் ஒரே ஒரு தடவை திறந்தேன். ‘டேபியோகா’ என்று அடித்தேன். ஸ்டார்ச், ஜவ்வரிசி என்று என்னென்னவோ வந்தது. மூடிவிட்டேன். நம்மூர்க் குச்சிக்கிழங்கை ஆய்விதழ்கள் ‘கசாவா’ என்றே எழுதும், பூச்சியை அதன் அறிவியல் பெயரில் தேட வேண்டும் என்று நூலகர் ஐந்தே நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்கக் கூச்சம். முதுகலை படிக்கிறவனுக்குத் தேடத் தெரியவில்லை என்பது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம்.

2023 கோடையில் சித்தப்பாவின் ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கில் குருத்தெல்லாம் சுருண்டு கொத்தாகிவிட்டது. இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. “நீ இதத்தானடா படிச்ச, என்ன அடிக்கலாம்?” என்றார். மருந்துக் கடையில் கொடுப்பதை அடிங்க என்றேன். மூன்று முறை அடித்தார். அடங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நூலகர் அம்மாவிடம் போய் நின்றேன். அந்த மாவுப்பூச்சியின் அறிவியல் பெயரான ‘பெனகாக்கஸ் மானிஹோட்டி’ என்று மேற்கோள் குறிக்குள் அடித்து, உயிரியல் கட்டுப்பாடு என்பதையும் சேர்த்துத் தேடச் சொன்னார். ஹான்ஸ் ஹெரனும் நியூன்ஷ்வாண்டரும் 1991இல் பூச்சியியல் ஆண்டு மதிப்புரை இதழில் எழுதிய கட்டுரை வந்தது. என் பட்டியலின் பதினேழாம் வரி.

அங்கேயே உட்கார்ந்து படித்தேன். தென்னமெரிக்காவிலிருந்து 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் வந்த பூச்சி அது. அதன் எதிரியான ஒரு சிறு குளவியைப் பராகுவேயில் கண்டுபிடித்து, 1981இல் நைஜீரியாவில் விட்டிருக்கிறார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். அந்த வேலைக்காக ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கட்டுரையில் குளவியின் பெயர் எபிடினோகார்சிஸ் லொபெசி. இப்போது அனகைரஸ் லொபெசி. பெயர் மாறியது தெரியாவிட்டால் தேடலில் பாதி தப்பிப்போகும்.

அதே குளவியை பெனினிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து சின்னசேலம், ஆத்தூர் தாண்டினால் ஏத்தாப்பூர். கண்டபடி மருந்தடித்தால் பூச்சியைத் தின்னும் குளவியும் சேர்ந்து சாகும். அப்படிப்பட்ட மருந்தைத்தான் சித்தப்பாவை மூன்று முறை அடிக்க வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே சித்தப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கே ஏன்டா சொல்லல?”

“அத நான் படிக்கல சித்தப்பா.”

பைண்டு போட்ட என் ஆய்வேட்டை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியவர் அவர். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“அதுல எழுதியிருந்தியேடா” என்றார்.