தாத்தாவின் புல்லட்

எங்கள் மாட்டுக்கொட்டகையில் தாத்தாவின் புல்லட் பதினொரு வருஷமாகச் சாக்கு மூடிக் கிடந்தது. 1978-ல் வாங்கிய வண்டி, திருவொற்றியூரில் செய்தது. பக்கவாதம் வந்து தாத்தாவுக்கு வலது கால் விழுந்துவிட்டது. கிக்கரும் வலது பக்கம்தான். அன்றோடு வண்டியும் நின்றது.

"இரும்புக்காரருக்குப் போட்டுடலாம்" என்றார் அம்மா. தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

கோடை லீவில் அப்பா இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. பிளக் ஓட்டையில் டீசல் ஊற்றி நாலு நாள் விட்ட பிறகுதான் அசைந்தது. சிலிண்டரை லேத்தில் கொடுத்து போர் செய்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட்டோம்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்பானர்?" என்றார் அத்தை. அப்பா சிரித்துக்கொண்டே பிஸ்டன் ரிங்குகளை என்னிடம் கொடுத்தார். ரிங்கின் வெட்டுகள் ஒரே நேராக வரக்கூடாதாம். வந்தால் அழுத்தம் அது வழியா போயிடுமாம். பார்த்துப் பார்த்து மாட்டினேன்.

எல்லாம் பூட்டியாச்சு. அப்பா சாப்பிடப் போன நேரம் நானே மிதித்தேன். கிக்கர் திருப்பி அடித்தது. கட்டிலில் இருந்த தாத்தா, "முள்ளு... முள்ளு..." என்று குழறினார். காலைப் பார்த்தேன், முள் இல்லை. அவர் இடது கையால் ஹெட்லைட் பக்கம் காட்டினார். ஓ, அம்மீட்டர் முள்! பிறகு, லிவர் பிடிப்பது போல விரலை மடக்கினார்.

முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக அழுத்தினேன். டிகம்ப்ரசர் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டேன். அப்புறம் ஒரே மிதி. டப்... டப்... டப்!

அப்பா சோற்றுக் கையோடு ஓடி வந்தார். தாத்தா கண்ணில் தண்ணீர். தோழிகளே, பேச முடியாதவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. நாம்தான் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி