பத்தடி தள்ளிப் போன மாமனார் வீடு

சென்னையில் வீட்டைப் பெரிசு பண்ணுவது என்றால் பால்கனிக்கு கிரில் போட்டுவிட்டு, 'இது ஸ்டடி ரூம்' என்று சொல்லிக் கொள்வது. தக்கலைப் பக்கம் அப்படியில்லை ஸார். கூரையைக் கழற்றி, பத்தடி தள்ளி மாட்டுகிறார்கள். கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் போனால் தக்கலை. அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் என் மாமனார் வீடு. முன்னால் ரெண்டு தென்னை, பின்னால் ஒரு அயினி மரம், நடுவில் நாலு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை. போன ஐப்பசியில் அத்தை கொல்லைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கிறார். பாத்ரூமோ கொல்லையில், நாலு படி இறங்கி! ஆகவே பாத்ரூமோடு சேர்ந்த ஓர் அறை, உடனே.

நான் பி.காம். காகிதத்தில் கோடு போட்டேன். கிழக்கே பத்தடிக்கு ஒரு கான்கிரீட் டப்பா, மேலே மட்டத் தளம், வேலை முடிந்தது. மாமா தலையாட்டினார். ஆசாரி மட்டும் ஆட்டவில்லை. எழுபது வயசு, காதில் பென்சில்.

"சார், கிழக்குச் சரிவுல வருற தண்ணி எங்க போவும்?"

"தளத்து மேல விழுந்து பைப் வழியா..."

"ஓடும் கான்கிரீட்டும் சேருற இடத்துல சிமென்ட்டு பூசுவிய. வெயில்ல ரெண்டும் ஒரே மாதிரி விரியாது, கேட்டியளா? விரிசல் விடும். அம்மா கட்டிலுக்கு மேலயாக்கும் ஒழுகும்."

சரி, ஓட்டுக் கூரையே போட்டு 'ட' மாதிரி பக்கவாட்டில் ஒட்டிவிடலாமே என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். ரெண்டு சரிவு சந்திக்கும் பள்ளத்தில் தகரம் போட வேண்டும். அதில் அயினி இலை விழுந்து அடைத்துக் கொள்ளும். தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது.

பிறகு முற்றத்து மணலில் குச்சியால் படம் போட்டார். நடுவில் முகட்டு மரம். அதன் ரெண்டு நுனியிலிருந்தும் வீட்டின் நாலு மூலைக்கும் நாலு மூலைக் கைமரங்கள் இறங்குகின்றன. நீளவாட்டில் ரெண்டு பெரிய சரிவு, குறுக்கே ரெண்டு முக்கோணச் சரிவு. வீட்டின் அகலம் மாறாதவரை அந்த முக்கோணமும் மாறாது. ஆகவே கிழக்கு முக்கோணத்தைப் பிரித்து, முகட்டை நேர்கோட்டில் பத்தடி நீட்டி, அதே முக்கோணத்தை அந்தக் கோடியில் திரும்பப் பூட்டிவிடலாம். நடுவில் விழும் பத்தடிக்கு மட்டும் புதுக் கைமரம், புதுப் பட்டியல், கூடுதல் ஓடு. பள்ளமும் இல்லை, ஒட்டுப் போடுவதும் இல்லை.

அசந்துவிட்டேன். ஆனாலும் பி.காம். சும்மா இருக்குமா? செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். இறவாரத்தோடு சேர்த்து அகலம் 24 அடி, முகடு அதற்கு மேல் 7 அடி உயரம். மூலைக் கைமரம் 18 அடி 4 அங்குலத்துக்குச் சற்று மேல் வந்தது. ஆசாரி தரையில் கயிறு பிடித்து அளந்து, "பதினெட்டே கால் தாண்டும்" என்றார். ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15. எனக்கு 390 வந்தது. "உடைசலும் சேத்து நானூத்தம்பது" என்றார். ஆடிட் முடிந்தது!

"சந்தேகமுண்டுன்னா அரமனையில போய் அண்ணாந்து பாருங்க" என்று பத்மநாபபுரத்துக்கு அனுப்பினார். போனேன். திங்கட்கிழமை விடுமுறை என்று போர்டு. மறுநாள் மறுபடி போனேன். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை மட்டும் கேரள அரசிடமே தங்கிவிட்டது. எல்லாரும் கறுப்புத் தரையையும் மரச் செதுக்கலையும் பார்க்க, நான் மட்டும் கழுத்து வலிக்கக் கூரையைப் பார்த்தேன். முகட்டின் கோடியில் சின்ன முக்கோண முகப்பு. வெப்பக் காற்று வெளியேற மரச் சட்டங்களுக்கு நடுவில் இடைவெளி. மாமனார் வீட்டிலும் அது இருக்கிறது. 'வௌவால் வரும், அடைச்சிடலாம்' என்று நான் சொல்லியிருந்தேன். திரும்பி வந்ததும் அந்த யோசனையை வாபஸ் வாங்கினேன்.

மாசியில் வேலை ஆரம்பம். ஓட்டைப் பிரித்தால் வடகிழக்கு மூலைக் கைமரத்தின் அடியைக் கரையான் தின்று, கையால் அமுக்கினால் மாவாக உதிர்ந்தது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் இந்தப் பக்கத்து மரங்களையெல்லாம் சாய்த்தபோது பத்துப் பன்னிரண்டு ஓடு மட்டும் போன வீடு இது. காற்று மோதுவதற்கு நெட்டையான முக்கோணச் சுவர் இல்லாத கூரை என்பதால் தப்பியது. அந்தக் கூரை இத்தனை நாள் இந்தக் காலில்தான் நின்றிருக்கிறது! "ஒரு துண்டு வச்சு ஒட்டிரும் ஓய்" என்றார் மாமா. "அப்பம் வேற ஆசாரியப் பாருங்க" என்று பென்சிலைக் காதில் சொருகிக் கொண்டு கிளம்பியே விட்டார் ஆசாரி. சமாதானப்படுத்தி, அயினியில் புதுசு வாங்கினோம். என் எல்.ஐ.சி. பிரீமியம் பணம் அதில் போனது. (மனைவிக்கு இந்தப் பத்தியைக் காட்டப் போவதில்லை.)

ஓட்டு வேட்டை இன்னொரு கதை. கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டின் பள்ளமும் விளிம்பும் வேறு, ஒன்றோடொன்று கொளுவாது. மாதிரி ஓடு ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக் கொண்டு, பழைய வீடு இடித்த சாமான் விற்கும் இடங்களில் மூன்று நாள் அலைந்தேன்.

கிழக்குப் பக்கம் திறந்து கிடந்த ரெண்டாம் ராத்திரி, காலமில்லாத காலத்தில் இடி. மாமாவும் நானும் தார்ப்பாயை இழுத்தோம். காற்று எங்களை இழுத்தது. அத்தை கட்டிலில் எழுந்திருக்க முடியாமல், மேலே வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. அந்த நேரம் வாசலில் சைக்கிள் சத்தம். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக் கொண்டு ஆசாரி! எழுபது வயசு மனுஷர் ஏணியில் ஏறி, தார்ப்பாயை முகட்டில் கட்டிவிட்டுத்தான் இறங்கினார். அத்தை மேல் நாலு சொட்டுதான் விழுந்திருக்கும். கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். "சர்க்கரை கூடிப் போச்சு" என்றார்.

பதினாறாம் நாள் கடைசி முகட்டு ஓடு ஏறியது. தெருவிலிருந்து பார்த்தால் எது பழசு, எது சேர்த்தது என்று எனக்கே தெரியவில்லை. அத்தை வாக்கரைத் தட்டித் தட்டிப் புது அறைக்குள் வந்தார். பாத்ரூமைத் திறந்து பார்த்தார், மூடினார். ஜன்னல் வழியாகக் கிழக்கே எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, இன்னும் பத்தடி எடம் கெடக்கு போலிருக்கே?"