ஊமையான கிட்டார்

பெரணமல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள். இழை அறுந்தால் தறியைப் பழிப்பதில்லை. அறுந்த இடத்தைத் தேடுவோம். ஆடித் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் எங்கள் மெல்லிசைக் குழுவின் மின்கிட்டார் ஊமையானபோதும் அப்படித்தான் தேடினோம். விற்றுவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. விற்றால், அதை வாசிக்கும் நெசவாளி நண்பருக்கு மேடை இல்லை.

மின்கிட்டாரின் ஒலி வயிற்றுக் கூட்டில் பிறப்பதன்று. எஃகுத் தந்தி அதிர்கையில் அதன் கீழுள்ள காந்தப்புலம் மாறுகிறது. காந்தத்தைச் சுற்றிய, மயிரினும் மெல்லிய தாமிரக் கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. சரியாக நூறாண்டு கழித்து ஜார்ஜ் பியூசாம்ப் அதைக் கிட்டாருக்குள் கொண்டுவந்தார்.

அம்மின்னோட்டம் ஒலிக் குமிழ், ஜாக், கேபிள், ஆம்ப்ளிஃபையர் என்று ஒரே பாவிழையாய் ஓடுகிறது. எங்கே அறுந்தது? முதலில் குமிழை முழுதும் திருகிப் பார்த்தோம், பயனில்லை. பிறகு ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்துவிட்டு, கேபிளைக் கிட்டாரிலிருந்து உருவி அதன் நுனியை விரலால் தொட்டோம். உர்ரென்றது. ஆகவே கேபிளும் ஆம்ப்ளிஃபையரும் நலம், குறை கருவிக்குள். ஜாக்கின் தகட்டைக் கழற்றினால், பற்றவைப்பு விட்டுப்போய் ஒரு கம்பி தனியே நின்றுகொண்டிருந்தது.

ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருதுளி ஈயம் வைத்தார். எட்டிப் பார்த்த நண்பரின் தந்தை கேட்டார்: “இதுவும் இழை பிணைக்கிற வேலைதானா?”

ஆம் என்றோம். அதன்பின் அவர் மகனின் வாசிப்பைக் குறை சொன்னதில்லை.