உப்பளத்துப் பாதங்கள்

மரக்காணம் வழியாகச் செல்லும் நாம், வெயிலில் மின்னும் உப்புக் குவியல்களைக் காண்கிறோம். அவற்றை விளைவித்த பாதங்களைக் காண்பதில்லை. பாத்தியின் சேற்றை முதலில் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லையேல் உப்பில் மண் கலந்துவிடும்.

மிதிக்கும் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள்ளன. உள்ளங்கால் தசைகள் நான்கு அடுக்குகளாய் அமைந்துள்ளன. கெண்டைக்காலின் வலிமையைக் குதிகால் நாண் பாதத்திற்குக் கடத்துகிறது. உட்புறக் கணுக்காலுக்குப் பின்னே நாடியும் நரம்பும் இணைந்து இறங்கி, இரண்டிரண்டாய்ப் பிரிந்து உள்ளங்காலை அடைகின்றன. நாடி குருதியூட்டுகிறது, நரம்பு காவல் காக்கிறது.

அக்காவலின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளரின் பாதம் சிதைவது பெரும்பாலும் வலி உணராததால் கவனியாது விடப்படும் காயங்களாலேயே என்று அவர் கண்டார். அவரும் உடன் பணியாற்றியோரும் அப்பாதங்களுக்கென மெத்தென்ற ரப்பர் காலணிகளை உருவாக்கினர்.

உப்பளத்திலோ நரம்பு விழித்தே இருக்கிறது. செறிந்த உப்புநீர் தோலை வறளச் செய்து வெடிக்க வைக்கிறது. வெடிப்பில் உப்பு இறங்குந்தோறும் நரம்பு எச்சரிக்கிறது. ஆயினும் மறுநாளும் பாத்தியில் இறங்கினால்தான் கூலி.

வலியறியாப் பாதத்திற்குக் காலணி கண்ட தமிழகத்தில், வலியறிந்த பாதத்திற்கு, உப்பு வாரும்போதேனும், நீர்புகாக் காலணி கிடைக்க வேண்டாமா? அதைக் கேட்கும் கடமை, அவ்வுப்பை நாள்தோறும் உண்ணும் நமக்கும் உண்டு.