வெட்டுக்கிளிப் படைக்குத் தலைவன் இல்லை

ஜெய்சல்மேரிலிருந்து ராம்கட் போகும் சாலையில் இருபுறமும் மணல்தான். இந்திரா காந்தி கால்வாய் எட்டிய இடங்களில் மட்டும் குளிர்காலத்தில் சீரகமும் கடுகும் பச்சைப்பசேலென்று நிற்கும். வயலோரம் கேஜ்ரி மரங்கள். நம்மூர் வன்னி மரமேதான். 2019 மே மாதம் இந்த மாவட்டத்தில் தலைகாட்டிய பாலைவன வெட்டுக்கிளிகள், வழக்கமாகக் கிளம்பிவிடும் நவம்பரிலும் கிளம்பவில்லை. சீரகத்தையும் கடுகையும் மேய்ந்துவிட்டு 2020 பிப்ரவரியில்தான் ஓய்ந்தன.

கூட்டம் வருவது தெரிந்ததும் இங்குள்ள குடும்பங்கள் தட்டு, தகர டப்பா என்று கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு வயலுக்கு ஓடும். பூச்சி எழும்பும். எழும்பி அடுத்தவர் வயலில் இறங்கும். அவரும் தட்டுவார். ஒரு பூச்சிகூடச் சாவதில்லை. தட்டாதீர்கள் என்று சொல்லவும் வாய் வராது. பயிர் போவதைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா நிற்பார்?

ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடிப் பூச்சிகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் தினமும் தன் எடை அளவுக்கு, சுமார் 2 கிராம், தின்னும். அப்படியென்றால் ஒரே நாளில் 80 டன் பசுமை காலி. இத்தனை கோடியையும் நடத்திச் செல்ல ஒரு தலைவன் கிடையாது.

இதே பூச்சி தனியாக இருக்கும்போது பரம சாது. இன்னொன்றைக் கண்டால் விலகிப் போகும். மழை பெய்து மணலில் புல் முளைத்தால் முட்டையிட்டுப் பெருகும். அந்தப் புல் காயும்போதுதான் வினை. மிச்சமிருக்கும் நாலு செடியில் எல்லாம் வந்து நெருக்கும். பின்னந்தொடை அடிக்கடி உரசப்பட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் குணம் மாறி, விலகிப் போனதே நெருங்கி வரும். நரம்பில் செரட்டோனின் என்ற பொருள் கூடுவதே காரணம் என்று 2009இல் கண்டறிந்தார்கள். நிறம் மாறுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இறக்கை முளைக்காத குஞ்சுகளை வட்டத் தொட்டியில் விட்டுப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. கொஞ்சமாக இருந்தபோது ஆளுக்கொரு பக்கம் போயின. சதுர மீட்டருக்கு 70ஐத் தாண்டியதும் எல்லாம் ஒரே திசையில் மணிக்கணக்கில் நடந்தன. அக்கம்பக்கத்தில் போவதைப் பார்த்தே ஒவ்வொன்றும் போகிறது. கேட்கச் சங்கடமான இன்னொரு காரணமும் உண்டு. பசித்தால் இவை ஒன்றையொன்று கடித்துத் தின்னும். நின்றால் பின்னால் வருவது கடிக்கும். அணிவகுப்பு என்று நாம் வியப்பதில் உயிர் பிழைக்கும் ஓட்டமும் கலந்திருக்கிறது.

இறக்கை முளைத்ததும் காற்றோடு நாளொன்றுக்கு 150 கி.மீ. வரை போகும். முன்னே போனவை இறங்கி மேய, பின்னே வந்தவை தாண்டிப்போய் இறங்கும். பாய் உருண்டு விரிவதுபோல் கூட்டம் நகரும்.

அந்தி சாய்ந்தால் கேஜ்ரி மரத்திலும் புதரிலும் அடைந்துவிடும். வெயிலில் உடல் சூடேறும்வரை கிளம்பாது. வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பின் வண்டிகள் விடியலுக்கு முன் மாலத்தியான் அடிப்பது அதனால்தான். 2020இல் டிரோன்களும் சேர்ந்தன. கூட்டம் எந்த மரத்தில் அடைந்தது என்று மாலையிலேயே ஊரார் சொல்லும் தகவல், நாளெல்லாம் தட்டும் தட்டைவிட உதவும். இறக்கை முளைக்குமுன் குஞ்சுகள் நடமாடும் இடத்தைச் சொன்னால் இன்னும் நல்லது. வெயில் ஏறிவிட்டால் தப்பியவை காற்றோடு போய்விடும். அடுத்த அந்திவரை வண்டிகள் பின்னாலேயே ஓட வேண்டியதுதான்.