ஒரு பெட்டி நாற்றில் பூத்த குன்று

ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோத் தீவில் தக்கினோவெ என்றொரு சிற்றூர் இருக்கிறது. 'அருவிக்கு மேலே' என்பது அப்பெயரின் பொருள். மூவாயிரம் பேர்கூட வசிக்காத இவ்வூருக்கு மே மாதப் பிற்பகுதியில் செல்வோர், குன்றின் சரிவில் யாரோ இளஞ்சிவப்புக் கம்பளத்தை வெயிலில் உலர்த்தியிருக்கிறார்களோ என்றுதான் எண்ணுவர். கிட்டப் போனால் அத்தனையும் பூ! சுமார் 25 ஏக்கர். காற்று வீசினால் இலேசான இனிய வாசனையும் வரும்.

அந்தக் குன்றில் முன்பு நின்றவை செரி மரங்கள். 1954 செப்டெம்பரில் ஹொக்கைடோவைப் பெரும் சூறாவளி தாக்கியது. ஹக்கொடாத்தே துறைமுகத்துக்கு வெளியே 'தோயா மாரு' என்ற பயணிகள் கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தது அப்போதுதான். தக்கினோவெ பூங்காவின் செரி மரங்களும் அந்தக் காற்றில் அழிந்தன.

ஒரு செரி மரம் வளர்ந்து பூத்துக் குலுங்க எத்தனை வருடம் வேண்டும்! 1957இல் அவ்வூரார் வேறொரு வழி பார்த்தனர். தோடம்பழம் அடைத்து வரும் பெட்டி ஒன்றில் கொள்ளுமளவு நாற்றுக்களைக் கொண்டுவந்து மொட்டைச் சரிவில் நட்டனர். அதையே சிறிது சிறிதாகப் பெருக்கியதுதான் இன்று காணும் மலர்ப்பரப்பு.

அச்செடிக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'ஷிபாசகுரா', அதாவது புற்றரைச் செரி. இழந்ததும் செரி, வந்ததும் பெயரளவிலாவது செரி! உண்மையில் இதற்கும் செரிக்கும் உறவில்லை. இதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. ஒரு சாணுக்கு மேல் உயராமல் பாசிபோல நிலத்தோடு படரும். இலை ஊசிபோல இருக்கும். தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடுவதால் சரிவு மண்ணையும் பிடித்துக் கொள்ளும். பனிக்குக் கீழேயும் பெரும்பாலும் பசுமை மாறாது கிடக்கும் இதன் வலிமை வல்ல அல்லாஹ்வின் ஏற்பாடன்றி வேறென்ன?

பூவைப் பார்ப்பவர்கள் அதன் பின்னாலுள்ள உழைப்பை நினைப்பதில்லை. செடிகளுக்கிடையே முளைக்கும் களையைக் குனிந்து கையாலேயே பிடுங்க வேண்டும். விட்டுவிட்டால் களை உயர்ந்து வெயிலை மறைக்க, செடி இடையிடையே பட்டுப்போய் வழுக்கை விழும். பூ முடிந்ததும் நுனிகளைக் கத்தரித்துவிட்டால் புதுத் தளிர் அடர்ந்து வரும். நீர் தேங்குமிடம் இதற்கு ஆகாது.

நமது சகோதரிகள் இதனை வளர்க்க ஆசைப்படலாம். ஆனால் நன்றாகப் பூக்க இதற்குக் குளிர்காலம் தேவை. கொழும்பு, காத்தான்குடி வெக்கையில் சரிவராது. அந்த ஆசைக்கு நம்மிடம் பத்து மணிப் பூ இருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அதுவும் தாழப் படர்வதே. விரல் நீளத் தண்டை முறித்து மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும். நல்ல வெயில் படவேண்டும்; நிழலில் வைத்தால் பூ விரியாது. அடைமழை நாட்களில் மட்டும் சாடியை இறப்புக்குள் எடுத்து வையுங்கள், தண்டு அழுகிவிடும்.